கத்தி பட்ட வயிறுகள்

எங்கள் பக்கத்தில் ஒரு தலைமுறை ஆண்களின் வயிற்றில் கோடு இருந்தது. நெஞ்சுக்குழியில் தொடங்கித் தொப்புளை ஒட்டி இறங்கும் தழும்பு. அதன் இருபுறமும் தையல் போட்ட புள்ளிகள். கோவையை அடுத்த சோமனூர்ப் பக்கம் தோட்டத்துத் தொட்டியில் பம்ப்செட் தண்ணீரில் குளிக்க வருகிறவர்களைப் பார்த்தே, யாருக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று சிறுபிள்ளைகளான நாங்கள் சொல்லிவிடுவோம். 1970-களில் அந்தக் கோடு யாருக்கும் புதிதல்ல. மீசை நரைப்பதைப்போல அதுவும் ஒரு வயதில் வந்து சேரும் என்றே நினைத்திருந்தோம்.

தென்னிந்தியாவில் அன்று முன்சிறுகுடல் புண் பரவலான நோய். ஊரில் அதற்கு 'வவுத்து வலி' என்று மட்டும் பேர். மில்லில் மூன்று ஷிப்ட் ஓடியது. தறிக்கூடத்தில் இரவும் பகலும் சத்தம் நிற்காது. நேரத்துக்குச் சாப்பிட முடியாதவனுக்கும், காரம் அதிகம் தின்கிறவனுக்கும், கோபக்காரனுக்கும் இந்த நோய் வரும் என்று எல்லாரும் நம்பினார்கள், மருத்துவர்களும் நம்பினார்கள். பாலைக் குடி, மிளகாயைக் குறை, கவலைப்படாதே என்பதுதான் மருந்துச்சீட்டுக்கு முன்னால் வரும் அறிவுரை. வலி தாங்காத இரவுகளில் பெரியப்பா ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க அன்று மருத்துவருக்கு இருந்த வழிகள் சில. வயிற்றைக் கையால் அமுக்கிப் பார்ப்பார். சாப்பிட்டதும் வலிக்கிறதா, பசித்தால் வலிக்கிறதா என்று கேட்பார். அதற்கு மேல் பேரியம் எக்ஸ்ரே. வெள்ளைக் கரைசலைக் குடிக்கவைத்துப் படம் எடுப்பார்கள். பேரியம் போன பாதை படத்தில் தெரியும்; அதன் ஓரம் எங்கே குழிந்திருக்கிறது, எங்கே நெரிந்திருக்கிறது என்பதை வைத்துப் புண் இருக்கும் இடத்தை ஊகிப்பார்கள். மிகத் திறமையானவர்கள் அதைச் சரியாகவே ஊகித்தார்கள். ஆனாலும் அது ஊகம். புண்ணை யாரும் பார்க்கவில்லை. முதன்முதலாக அதை ஒரு மனிதக் கண் பார்த்தது வயிற்றைக் கிழித்த பிறகுதான்.

கிழித்த பிறகு செய்தது இது: இரைப்பைக்கு அமிலம் சுரக்கச் சொல்லும் வேகஸ் நரம்பை வெட்டுவார்கள். அந்த நரம்பு போனால் இரைப்பை காலியாவதும் தடைப்படும் என்பதால், இரைப்பையைச் சிறுகுடலோடு நேராக இணைத்து உணவுக்கு வேறு வழி போடுவார்கள். பெரியப்பாவுக்கு அதுதான் நடந்தது. வலி போயிற்று. ஆனால் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டால் தலை சுற்றி வியர்த்துவிடும், உடனே வயிற்றுப்போக்கு. தழும்பின் கீழ்ப்பக்கத்தில் தசை பலவீனப்பட்டுக் குடல் பிதுங்க ஆரம்பித்தது. இடுப்பில் அகலப் பட்டையைக் கட்டிக்கொண்டார்.

"வவுத்துல கத்தி பட்ட பொறவு மம்பட்டி புடிக்கக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்க கண்ணு" என்று அவர் சொன்னது எனக்கு அப்போது புரியவில்லை. உழவு மாட்டை விற்றார்கள். பூமியை வாரத்துக்கு விட்டார்கள். பெரியப்பா மகனான அண்ணன் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுத் தறி ஓட்டப் போனார். ஆபரேஷனுக்கு ஆன செலவைக் கடன் வாங்கிச் சமாளிக்க முடிந்தது. வேலை செய்ய முடியாமல் போன மாதங்கள்தான் அந்தக் குடும்பத்தைச் சாய்த்தன. கிழிக்காமல் உள்ளே பார்க்கிற கேமராவைப் பற்றி இன்று நான் எழுத உட்காரும்போது முதலில் நினைவுக்கு வருவது அறிவியல் அல்ல, விற்றுப்போன அந்த மாடுகள்.

*

அப்பாவின் தலைமுறைக்குக் கேமரா என்றால் சினிமாக் கேமரா. கோவை அந்த விஷயத்தில் முன்னோடி ஊர். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் இங்கே வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டினார். சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் பின்னால் வந்தன. பட்சிராஜாவின் ஸ்ரீராமுலு நாயுடு இயக்கி எம்.ஜி.ஆர். நடித்த 'மலைக்கள்ளன்' 1954 ஜூலையில் வெளியானது. அந்தக் கேமராவை நகர்த்த ஆட்கள் வேண்டும். அதற்கு முன்னால் நிற்கிற மனிதரின் முகம் தெரிய, சூட்டில் வியர்க்கவைக்கிற பெரிய விளக்குகள் வேண்டும். படம் பிடிக்க வெளிச்சம் வேண்டும் என்ற விதி மனித வயிற்றுக்கும் பொருந்தும். அங்கே விளக்கை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் நூற்றைம்பது ஆண்டுகளாக மருத்துவர்களை மலைக்கவைத்த கேள்வி.

1806-ல் ஜெர்மனியின் பொஸ்ஸினி மெழுகுவத்தி வெளிச்சத்தைக் கண்ணாடியால் திருப்பி உடம்பின் துவாரங்களுக்குள் பார்க்க ஒரு கருவி செய்தார். 1868-ல் குஸ்மால் என்ற மருத்துவர் வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைக் கொண்டு நேரான உலோகக் குழாயை இரைப்பை வரை இறக்கிக் காட்டினார். வாள் விழுங்கப் பழகியவரால் முடிந்தது; நோயாளியால் எப்படி முடியும்? வளைகிற குழாய் வேண்டும், வளைவோடு சேர்ந்து ஒளியும் வளைந்து போக வேண்டும். ஜப்பானில் 1950-ல் ஒலிம்பஸ் நிறுவனத்தின் பொறியாளர்கள் மருத்துவர்களோடு சேர்ந்து, சின்னக் கேமராவையும் பல்பையும் பிலிம் சுருளையும் குழாயின் நுனியிலேயே வைத்து இரைப்பைக்குள் அனுப்பினார்கள். படம் வந்தது. ஆனால் பிலிமைக் கழுவிய பிறகுதான் என்ன எடுத்தோம் என்பதே தெரியும்.

ஒளியை வளைக்கிற வேலையில் பெரும் பங்கு ஓர் இந்தியருடையது. பஞ்சாபின் மோகாவில் 1926-ல் பிறந்த நரீந்தர் சிங் கபானி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹெரால்ட் ஹாப்கின்ஸிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். இருவரும் சேர்ந்து கண்ணாடி இழைக் கட்டின் வழியே ஒரு படத்தை அனுப்பிக் காட்டிய கட்டுரை 1954 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வந்தது. 'மலைக்கள்ளன்' வந்த அதே வருஷம்.

அந்த வேலை எவ்வளவு நுட்பமானது என்பதைத் தறி தெரிந்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் ஓடுகின்றன. ஒரு முனையில் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதே வரிசையில் மறுமுனையிலும் இருந்தாக வேண்டும். இழை வரிசை மாறினால் துணி கெட்டது. கண்ணாடி இழைக் கட்டும் அப்படித்தான். ஒவ்வோர் இழையும் படத்தின் ஒரு புள்ளியைச் சுமந்துவருகிறது. இரண்டு முனையிலும் வரிசை ஒன்றாக இருந்தால்தான் புள்ளிகள் சேர்ந்து படமாகும். மிச்சிகனில் இருந்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ் அந்த 'நேச்சர்' கட்டுரையைப் படித்து, லண்டனுக்குப் போய்ப் பார்த்து, தம் சகாக்களோடு சேர்ந்து வளையும் இரைப்பைநோக்கியைச் செய்தார். 1957-ல் அதை முதலில் தாமே விழுங்கிப் பார்த்துவிட்டுப் பிறகு நோயாளிக்குப் பயன்படுத்தினார்.

*

எங்கள் வீட்டுக்கு அந்தக் குழாய் வந்து சேர 1980-களின் நடுப்பகுதி ஆயிற்று. அப்பாவுக்கும் வயிற்று வலி தொடங்கியிருந்தது. பெரியப்பாவின் வயிற்றுக் கோட்டைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால் ஆஸ்பத்திரிக்கு வரவே மறுத்தார். "டியூப் விட்டுப் பாப்பாங்க, கத்தி வெக்க மாட்டாங்க" என்று மாமா சத்தியம் செய்துகொடுத்த பிறகே கோயமுத்தூர் பஸ் ஏறினார். கறுப்புக் குழாய் விரல் தடிமன் இருந்தது. தொண்டையில் மரத்துப்போகிற மருந்தை அடித்து, இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, பல்லுக்கிடையில் வளையத்தை வைத்து உள்ளே செலுத்தினார்கள்.

மருத்துவர் மறுமுனையில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். அந்த அறையில் அவர் ஒருவருக்கு மட்டும்தான் அப்பாவின் வயிறு தெரிந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரியவில்லை, அப்பாவுக்கும் தெரியவில்லை. முடிந்ததும் ஒரு தாளில் இரைப்பையை வரைந்து, முன்சிறுகுடல் தொடங்கும் இடத்தில் ஒரு சிறு வட்டம் போட்டு, "இங்கதான் புண்ணு. ஆபரேஷன் வேண்டாம். மாத்திரையிலேயே ஆத்திடலாம்" என்றார். அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பெரியப்பாவுக்குக் கிடைக்காத ஒன்று அப்பாவுக்குக் கிடைத்தது. அவர் அடுத்த வாரமே தறிக்கூடத்தில் நின்றார்.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் அப்போது வந்துவிட்டிருந்தன. நோயின் வேரை அந்தக் குழாயே தேடிக் கொடுத்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் 1982-ல், எண்டோஸ்கோப்பி என்ற அந்தக் குழாய்ச் சோதனை வழியாகக் கிள்ளியெடுத்த இரைப்பைத் திசுக்களில் ஒரு வளைந்த கிருமி மீண்டும் மீண்டும் இருப்பதைக் கண்டார்கள். அமிலத்தில் கிருமி வாழாது என்று நம்பிய மருத்துவ உலகம் சிரித்தது. மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சி வரவழைத்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. குடல்புண்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஹெலிகோபேக்டர் என்ற அந்தக் கிருமி. இரண்டு வார மாத்திரை பெரும்பாலும் போதும். பெரியப்பாவின் கோபமும் மிளகாயும் இரவு ஷிப்டும் முதன்மைக் குற்றவாளிகள் அல்ல. ஒரு தலைமுறை உழைப்பாளிகளிடம் 'உன் பழக்கம்தான் உன் நோய்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம். உள்ளே பார்க்க முடியாத காலத்தில் பழி நோயாளியின் தலையில்தான் விழும். கேமரா நீக்கிய துன்பங்களில் இதையும் நான் சேர்த்துக்கொள்கிறேன்.

*

இதே காலத்தில் வயிற்றுக்குள் பார்க்கும் இன்னொரு கருவி கிராமத்துப் பெண்களிடம் வேறு வேலைக்காக வந்தது. அது லேப்ராஸ்கோப். தொப்புளருகே சிறு துளையிட்டு வயிற்றறைக்குள் செலுத்தும் குழாய். 1980-களில் இந்தியா முழுக்கக் குடும்பக்கட்டுப்பாட்டு முகாம்களில் அதைக் கொண்டு பெண்களின் கருக்குழாய்களைக் கட்டினார்கள். பள்ளிக்கூடங்களில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு முகாம் நடக்கும். அத்தை அப்படி ஒரு முகாமுக்குப் போய்வந்தாள். எத்தனையோ வருஷமாக இருந்த அடிவயிற்று வலியைப் பற்றி அங்கே சொல்லியிருக்கிறாள். யாரும் கேட்கவில்லை. "வெளக்கு உள்ள போச்சு சாமி. எனக்கு வலி எங்கிருக்குதுன்னு பாக்காமயே வெளிய வந்துருச்சு" என்று பின்னால் சொன்னாள்.

அந்தச் சொல்லை நான் மறக்கவே இல்லை. இலக்கு வைத்து நடத்துகிற முகாமில் கருவி எண்ணிக்கைக்காக உள்ளே போகிறது. அந்தப் பெண்ணுக்காகப் போவதில்லை. அதன் உச்சக் கொடுமையை 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பகுதி முகாம்களில் நாடு பார்த்தது. ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார்கள். அந்த முகாம்களில் கலந்துகொண்டவர்களில் 13 பெண்கள் இறந்தார்கள். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தச் சொன்னது. கருவி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. யாருடைய கேள்விக்கு விடை தேடி அது உள்ளே போகிறது என்பதும் முக்கியம்.

இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்டவர்களில் ஒருவர் மும்பையின் டெஹ்ம்டன் உத்வாடியா. 1972-லிருந்தே அவர் லேப்ராஸ்கோப்பை ஏழை நோயாளிகளின் நோயைக் கண்டறியப் பயன்படுத்தினார். வயிற்றுக் காசநோயா வேறேதாவதா என்று தெரிந்துகொள்ள வயிற்றையே கிழிக்க வேண்டியதில்லை என்பது அவர் வாதம். 1990 மே மாதம், மும்பை ஜே.ஜே. மருத்துவமனை என்ற அரசு மருத்துவமனையில், இந்தியாவின் முதல் லேப்ராஸ்கோப்பிப் பித்தப்பை நீக்கத்தைச் செய்தவர் அவரே. ஜெர்மனியில் எரிக் மூஹே 1985-லும் பிரான்சில் பிலிப் மூரே 1987-லும் தொடங்கிவைத்த அறுவை அது. பணக்கார நாட்டின் சொகுசு இந்த ஏழை நாட்டுக்கு எதற்கு என்று கேட்டவர்களுக்கு, கூலி வேலை செய்கிறவனுக்குத்தான் சீக்கிரம் வீடு திரும்புவது மிக அவசியம் என்று பதில் சொன்னார்.

அடுத்த வருஷம், 1991-ல், அது கோவைக்கு வந்தது. கொண்டுவந்தவர் சி. பழனிவேலு. நாமக்கல் பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, குடும்பத்தோடு மலேசியா போய் அங்கே கூலி வேலை பார்த்து, ஊர் திரும்பிப் படிப்பைத் தொடர்ந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவரானவர். வேலைக்குப் போகாத நாளில் கூலி கிடையாது என்பதைத் தன் உடம்பால் அறிந்த ஒருவர் இந்தக் கருவியைக் கையில் எடுத்தது எங்கள் மண்ணின் நல்லூழ் என்று நினைக்கிறேன்.

லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்திச் சுவரை உறுப்புகளிலிருந்து தூக்கி நிறுத்துவார்கள். தொப்புளில் 10 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு துளை, அதில் கேமரா. மற்றச் சிறு துளைகளில் நீண்ட கைப்பிடிக் கருவிகள். பழைய முறையில் பித்தப்பையை எடுக்க வலது விலாவுக்குக் கீழே தசையையே அறுக்க வேண்டும். இங்கே தசை அறுபடுவதில்லை. குழாயில் கண் வைத்துப் பார்க்கிற காலம் போய், கண்ணாடிக் குழாயின் தலையில் சிப் கேமரா வந்து உட்கார்ந்ததும் எல்லாம் மாறியது. அந்தச் சிப்புக்கு அடிப்படையான சி.சி.டி.யை 1969-ல் பெல் ஆய்வகத்தில் பாயிலும் ஸ்மித்தும் உருவாக்கினார்கள். இப்போது உதவியாளர், மயக்க மருத்துவர், நர்ஸ், கற்க வந்த மாணவர் எல்லாரும் ஒரே திரையைப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்த வயிறு அறை முழுக்கத் தெரிந்தது. அறுவை சிகிச்சையைக் கற்பிக்கும் முறையே இதனால் மாறிப்போயிற்று.

மில்லில் கோன் வைண்டிங் வேலை பார்த்த சித்திக்கு 90-களின் நடுவில் பித்தப்பைக் கல். பழைய பயத்தில் வீடே அழுதது. அந்த மாதம் முடிவதற்குள் அவள் மில்லுக்குத் திரும்பிவிட்டாள். "தழும்பத் தேடித்தான் கண்டுபுடிக்கோணும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அவள் சம்பளம் நிற்கவில்லை, மகள் பள்ளியை விடவில்லை. பெரியப்பா வீட்டில் கண்டதற்கு நேர் எதிரானதை நான் கண்ணால் பார்த்தேன்.

அதன் பிறகு கோவை வெறுமனே கற்றுக்கொள்ளும் ஊராக நிற்கவில்லை. ஜெம் மருத்துவமனையில் பழனிவேலு குழுவினர், உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து மார்புக்குள் கேமரா செலுத்திச் செய்யும் முறையைச் செம்மைப்படுத்தினார்கள். குப்புறப் படுத்தால் நுரையீரல் தன் எடையாலேயே முன்பக்கம் இறங்கி வழிவிடும். 130 நோயாளிகளிடம் கண்ட அனுபவம் 2006-ல் அமெரிக்க அறுவை மருத்துவக் கல்லூரியின் இதழில் வெளிவந்தது. பல நாட்டு மருத்துவர்கள் அந்த முறையைப் பின்பற்றினார்கள். கணையத் தலைப்பகுதியை நீக்கும் மிகக் கடினமான அறுவையில், திறந்து செய்வதையும் லேப்ராஸ்கோப்பியையும் 64 நோயாளிகளிடம் ஒப்பிட்ட அவர்களின் ஆய்வு 2017-ல் பிரிட்டிஷ் இதழில் வந்தது. மருத்துவமனையில் இருக்க வேண்டிய நாட்கள் 13-லிருந்து 7 ஆகக் குறைந்தன. இதில் குறைந்த ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி. கூட இருந்து பார்த்துக்கொள்கிறவருக்கும் ஒரு நாள் கூலி.

*

இப்போது கேமராவை விழுங்கவே முடிகிறது. இஸ்ரேலில் ஏவுகணைகளுக்குக் கண் செய்துகொண்டிருந்த பொறியாளர் கவ்ரியல் இத்தான், லண்டன் மருத்துவர் பால் ஸ்வேனோடு சேர்ந்து இதை உருவாக்கினார். 2000-ல் 'நேச்சர்' இதழில் கட்டுரை; 2001-ல் அமெரிக்காவில் அனுமதி. ஒரு கேப்ஸ்யூல், 26 மில்லிமீட்டர் நீளம், 11 மில்லிமீட்டர் தடிமன். அதற்குள் கேமரா, விளக்கு, பேட்டரி, ஒலிபரப்பி. நொடிக்கு இரண்டு படம் வீதம் எட்டு மணி நேரத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் படங்களை எடுத்து, இடுப்புப் பெல்ட்டில் இருக்கும் பதிவுக் கருவிக்கு அனுப்பிவிட்டு இயல்பாக வெளியேறிவிடும்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அக்கா மகனுக்குக் காரணம் தெரியாத ரத்தசோகை. மேல்வழியாகவும் கீழ்வழியாகவும் டியூப் விட்டுப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. இடையில் ஏறக்குறைய ஆறு மீட்டர் சிறுகுடல் கிடக்கிறது, அதற்குள் சாதாரணக் குழாய் எட்டாது. கேப்ஸ்யூலை விழுங்கி, பெல்ட்டைக் கட்டிக்கொண்டு அன்று முழுக்க நடமாடினான். நடுக்குடலில் ரத்தம் கசியும் புண்கள் படத்தில் இருந்தன. மருந்தில் குணமானான். பெரியப்பாவின் காலத்தில் இப்படி ஒருவர் வந்திருந்தால் 'திறந்துதான் பார்க்கணும்' என்பதே ஒரே விடை.

கேப்ஸ்யூலுக்கும் எல்லை உண்டு. சந்தேகமான இடத்தில் நின்று திரும்பிப் பார்க்காது. திசுவைக் கிள்ளி எடுக்காது. குடல் சுருங்கியிருந்தால் உள்ளேயே சிக்கிக்கொள்ளவும் கூடும். விலையோ தறி ஓட்டுகிறவரின் மாதக் கூலியைத் தாண்டும்.

அளவு இன்னும் சுருங்கிக்கொண்டே போகிறது. விற்பனையில் இருக்கும் உலகின் மிகச் சிறிய பட உணர்வி என்று 2019-ல் கின்னஸ் பதிவு பெற்ற ஆம்னிவிஷன் நிறுவனத்துச் சிப்பின் பக்கம் 0.575 மில்லிமீட்டர். அதில் நீளவாக்கில் 200, அகலவாக்கில் 200 என நாற்பதாயிரம் புள்ளிகள். 0.575 மில்லிமீட்டர் என்றால் என்ன என்று, லேத்தில் வாழ்நாளைக் கழித்து மைக்ரோமீட்டர் பிடித்த என் கைக்குத் தெரியும். மெல்லிய ரத்தக் குழாய்க்குள்ளும் பித்த நாளத்துக்குள்ளும் போகிற அளவு அது. ஒளி இழைக்கும் சி.சி.டி.க்கும் சேர்த்தே 2009-ன் இயற்பியல் நோபல் வழங்கப்பட்டது: ஒரு பாதி சார்லஸ் காவுக்கு, மறுபாதி பாயிலுக்கும் ஸ்மித்துக்கும். அந்தப் பட்டியலில் கபானியின் பெயர் இல்லை. 2020-ல் அவர் மறைந்து, 2021-ல் பத்ம விபூஷண் வந்தது. எண்டோஸ்கோப்பி அறையில் படுக்கிற ஒவ்வொரு இந்தியரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய பெயர் அது.

*

கேமரா சுருங்கியது. அதை எட்டுவதற்கான தூரம் அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

கோவையின் அவினாசி ரோட்டில் இருப்பவருக்கு எல்லாம் பக்கத்தில் இருக்கிறது. கோவை அரசு மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பியும் லேப்ராஸ்கோப்பியும் நடக்கின்றன. 2022-ல் திருப்பூரிலும் நாமக்கல்லிலும் நீலகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012-லிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் பல குடும்பங்களை மாடு விற்காமல் காப்பாற்றியிருக்கின்றன. இவையெல்லாம் உண்மையான சாதனைகள். ஆனால் வால்பாறை எஸ்டேட்டில் தேயிலை பறிக்கிறவர் 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வர வேண்டும். தாளவாடியில் இருப்பவர் திம்பத்தின் 27 வளைவுகளைக் கடக்க வேண்டும். ஒரு சோதனைக்கு ஒரு நாள் கூலி, முடிவு வாங்க இன்னொரு நாள் கூலி. அதனால் அவர்கள் மருந்துக்கடையில் 'கேஸ் மாத்திரை' வாங்கித் தின்றுகொண்டு வருஷங்களைத் தள்ளுகிறார்கள். மாத்திரை வலியை மட்டும் அடக்குகிறது. அடியில் வளர்வது வளர்ந்துகொண்டே இருக்கிறது. சோற்றை விழுங்க முடியாமல் தண்ணீரை மட்டும் குடிக்கிற நிலையில் குழாய் போட வருகிறவர்களுக்கு, உலகின் மிகச் சிறிய கேமராவாலும் மோசமான செய்தியைத்தான் சொல்ல முடிகிறது.

ஜப்பான் 2016-லிருந்து 50 வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கொருமுறை எண்டோஸ்கோப்பி செய்யப் பரிந்துரைக்கிறது. இரைப்பைப் புற்றுநோய் அதிகமுள்ள நாடு அது. நாம் அப்படியே காப்பியடிக்க வேண்டியதில்லை. அறிகுறி உள்ளவர்களையாவது காலத்தில் பிடிப்பது நம்மால் முடியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் இன்னும் ஐந்து கேள்விகள் கேட்டால் போதும்: விழுங்கும்போது அடைக்கிறதா? மலம் கறுப்பாகவோ ரத்தமாகவோ போகிறதா? சாப்பிட்டது திரும்பத் திரும்ப வாந்தியாகிறதா? காரணமில்லாமல் உடம்பு இளைத்திருக்கிறதா? ஒரு மாதத்துக்கு மேலாக வயிற்றுக்கு நீங்களாகவே மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறீர்களா? ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தாலும் அவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

அனுப்பினால் போகும் இடம் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வட்டத் தலைமை மருத்துவமனையிலும் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களாவது எண்டோஸ்கோப்பி நடக்க வேண்டும். கருவி வாங்கிக் கொடுத்தால் மட்டும் அது நடந்துவிடாது. ஒருவர் உடம்பிலிருந்து எடுத்த குழாயை அடுத்தவருக்குச் செலுத்துமுன் முறையாகக் கழுவிக் கிருமி நீக்கப் பயிற்சி பெற்ற ஊழியர் வேண்டும். அந்த ஊழியருக்கு நிரந்தர வேலையும் மரியாதையும் வேண்டும். பழுதானால் சரிசெய்ய ஆள் வேண்டும். பம்பும் மோட்டாரும் கிரைண்டரும் செய்து நாடு முழுக்க அனுப்புகிற ஊர் இது. நுட்பமான கருவிகளைப் பழுது பார்க்கவும் உதிரிபாகம் செய்யவும் நம் தொழிற்பயிற்சி நிலையங்களில் பாடம் வைத்தால் கற்றுக்கொள்ள இளைஞர்கள் இருக்கிறார்கள்.

குழாயைப் பிடிக்கிற மருத்துவர் அதற்கு முன் நோயாளி சொல்வதைக் கேட்கவும் வேண்டும். பெரியப்பாவின் மருத்துவரிடம் கேமரா இல்லை, ஆனால் அவர் நேரம் எடுத்துக் கேள்வி கேட்டார், கை வைத்துப் பார்த்தார். அத்தைக்குக் கேமரா கிடைத்தது, கேட்க ஆளில்லை. இனி வருகிறவர்களுக்கு இரண்டும் சேர்ந்து கிடைக்க வேண்டும். அது ஆசைப்படக் கூடாத அளவுக்குப் பெரிய காரியமே அல்ல. கருவி இருக்கிறது, கற்றவர்கள் இருக்கிறார்கள், காப்பீடு இருக்கிறது. மலை மேலிருக்கும் தேயிலைத் தொழிலாளியையும் இரவுத் தறி ஓட்டுகிறவரையும் நோய் முற்றுவதற்கு முன்பே அந்தக் கேமராவிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் மிச்சமிருக்கிற வேலை. அரசு அதைச் செய்ய வேண்டும். வயிற்று வலியோடு கேஸ் மாத்திரையைத் தின்றுகொண்டிருக்கிற உங்கள் வீட்டுக்காரரையோ அம்மாவையோ அண்ணனையோ இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போகிற வேலை உங்களுடையது.